ஆறு இலக்கம்

மைனஸ் முப்பத்து நாலு.
எட்மன்ரன், மில்வூட்ஸ், வெள்ளி இரவு பதினொன்றரை.
சுவரில் ஒட்டியிருக்கிற வட்டக் கண்ணாடி
நீலமாய் மின்னி
நீ யார் என்கிறது.

போன வருடம்வரை அந்த இடத்தில் ஒரு திருகு இருந்தது.
வலப்பக்கம் திருகினால் சூடு. அவ்வளவுதான்.
அதற்கு என் பெயர் தெரியாது,
கேட்டதும் இல்லை.
வதனிதான் அரைவிலை என்று இதை வாங்கினாள்.
"எங்களைத் தானாகவே படிக்குமாம்."

படித்தது.
சோபாவில் அசையாமல் மூன்று மணித்தியாலம்
நான் ஹொக்கி பார்த்ததைப் படித்து
வீட்டில் ஒருவரும் இல்லை என்று முடிவெடுத்து
சூட்டை நிறுத்திவிட்டது.

கடவுச்சொல் கேட்டது. அடித்தேன். பிழை.
முதல் எழுத்தைப் பெரிதாக்கினேன். பிழை.
மகன் பிறந்த தேதி, பின்னால் ஓர் ஆச்சரியக்குறி. பிழை.
மூக்குக்கண்ணாடி பனிபிடித்ததில்
கடவுள் சொல் என்று தெரிந்தது.
அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வதனி ஆஸ்பத்திரியில், இரவு வேலை.
அவள் போன் லொக்கருக்குள்.
லொக்கருக்கும் ஒரு இலக்கம்.

புதிதாக ஒன்று வைத்துக்கொள் என்றது பெருந்தன்மையாய்.
போன தடவை வைத்ததை மட்டும் வைக்கக்கூடாதாம்.
போன தடவை வைத்தது அதற்கு ஞாபகம் இருக்கிறது,
எனக்குச் சொல்லத்தான் மனம் இல்லை.

உன் முதல் வளர்ப்புப் பிராணியின் பெயர்?
எங்கள் நாய்க்கு நாங்கள் பெயரே வைக்கவில்லை.
'அடிக்' என்றால் ஓடும்.
அதையே அடித்தேன்.
எட்டு எழுத்தாவது வேண்டுமாம்.

பிறகு ஒன்பது படம், சைக்கிள் உள்ளதைத் தொடு.
பனிக்குள் அரைவாசி புதைந்த சில்லு
சைக்கிளா, சைக்கிள் இல்லையா?
நீ ரோபோவா என்று ஒரு ரோபோ கேட்கிறது,
விரல் விறைத்துப்போய் நிற்கிறவனை.

கடைசியில் இரங்கியது.
ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறேன்,
எழுபத்தொன்பதில் முடிகிற உன் போனுக்கு,
யாரிடமும் சொல்லாதே.

என் போன் பதினாறில் முடியும்.
எழுபத்தொன்பது
மூன்று வருடத்துக்கு முன், வேறு கொம்பனி மலிவென்று
நான் கைவிட்டது.

எடுத்தேன். வேறென்ன செய்ய.
"கூகாவா?" என்றது ஒரு பெண்குரல்.
"குகதாசன்."
"அதேதான். பல்லைக் காட்டினாயா?"

ரெட் டியரில் டோனட் கடை, பெயர் மரிசெல்.
மூன்று வருடமாய் எனக்கு வருவதெல்லாம் அவளுக்கு வருகிறது:
வங்கி, வரி,
பல்வைத்தியர் ஞாபகமூட்டியது,
நான் போகாததால் திரும்பவும் ஞாபகமூட்டியது,
வியாழன்தோறும் இரவு பத்துக்குப் பீட்சா.
வதனிக்குத் தெரியாத வியாழன்கள்.

"குளிருது. அந்த ஆறு இலக்கத்தையும் சொல்லு."
"யாரிடமும் சொல்லாதே என்று போட்டிருக்கு.
நீ கள்ளனில்லை என்று எனக்கென்ன தெரியும்?"

சுவர், நாய், சைக்கிள், இப்போது மரிசெல்.

"பீட்சாவில் அன்னாசியோடு வேறென்ன?"
"பச்சைமிளகாய். இரட்டிப்பு."
"சீ," என்றாள். "நீதான்."

சீட்டுக்கட்டுகிறவர் பெயர் வாசிப்பதுபோல் வாசித்தாள்.
நாலு. சைபர். ஒன்பது. பொறு, கண்ணாடி போடுகிறேன்.
அதற்குள் நேரம் முடிந்து
இலக்கம் செத்துவிட்டது.

இன்னொன்று கேட்டோம். காத்திருந்தோம்.
"வந்ததா?"
"இல்லை. ஹைவேயில் எங்கேயாவது சறுக்கியிருக்கும்."
அவள் கடையில் கோப்பி மெஷினும்
இப்போது கடவுச்சொல் கேட்கிறதாம்.
முதலாளி அதை எழுதி மெஷினிலேயே ஒட்டியிருக்கிறானாம்.

வந்தது. இருமிக்கொண்டு சூடும் வந்தது.
வீட்டுக்கு வருக என்றது சுவர்,
வெளியே காலே வைக்காதவனைப் பார்த்து.

காலையில் வதனி சப்பாத்தைக் கழற்றியபடி கேட்டாள்,
"எப்பிடித் திறந்தனீங்கள்?"
பாதுகாப்பு விஷயம்,
யாரிடமும் சொல்லக்கூடாது என்றேன்.

பல்வைத்தியரிடம் செவ்வாய்க்கிழமை நாள் எடுத்திருக்கிறேன்.
மரிசெல்லுக்குச் செய்தி போயிருக்கும்.