தலைக்கு மேல் ஒரு படகு

பதினோரு இரவு கடலில்.
கரையேறியும் தரை ஆடுகிறது.
ஃபேரோ தீவின் ஜனவரி; மூன்று மணிக்கே இருட்டு.
வீட்டுக்குப் போகாமல்
ரப்பர் பூட்ஸோடு கோயிலுக்குள் வந்துவிட்டேன்.
மீன் கவிச்சி தாங்காமல்
சன்வா ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஜெபிக்கத்தான் நினைத்தேன்.
'பரமண்டலங்களிலிருக்கிற' என்றதோடு சரி.
அடுத்த சொல் வலையில் விழவில்லை.

எங்கள் கோயில் கூரையில்
பழைய துடுப்புப் படகு ஒன்று தொங்கும்.
ஏதோ ஒரு டிசம்பரில்
ஆளில்லாமல் அது மட்டும் திரும்பி வந்ததாம்.
அண்ணாந்தால் அடிப்பலகைதான் தெரிகிறது,
மூழ்கியவன் கண்ணுக்குத் தெரிவதுபோல.

அவரும் படகில் தூங்கியவர்தானே.
அலை உள்ளே அடிக்கும்போது, தலையணை வைத்து.
மீன் நாற்றம் அவருக்கென்ன புதுசா?

அதற்குமேல் நினைவில்லை.

விழித்தபோது ஆராதனை முடிந்திருந்தது.
ஒரு விளக்கை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.
என் தலைக்கடியில்
நாலாக மடித்த கம்பளிச் சட்டை,
சன்வாவுடையது.
இனி அதுவும் நாறும்.

காலை ஊன்றினேன். தரை ஆடவில்லை.
'எங்கள் பிதாவே' என்றேன்,
மீதியை,
கொட்டாவி விட்டுக்கொண்டே.