ஏழுக்கு ஆறு

அன்புள்ள தொகுதி மக்களே,
கூட்டத்தொடர் முடிந்து அகஸ்டாவிலிருந்து வீடு வந்துவிட்டேன்.
ஐந்து மணி நேரச் சாலையில்
இரண்டு மூஸ் மான்கள், ஒரு பனிப்பொழிவு.
ஏப்ரல் கடைசியில்.
உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை,
நீங்களும் வாசலை வாரித்தான் வெளியே வந்திருப்பீர்கள்.

முதலில் நல்ல செய்தி.
ஓடைப் பாலத்துக்குப் பணம் கிடைத்துவிட்டது.
எட்டு டன்னுக்கு மேல் ஏறாதே என்ற பலகை
அடுத்த அறுவடைக்குள் இறங்கிவிடும்.
உருளைக்கிழங்கு லாரிகள் இனிப்
பதினான்கு மைல் சுற்ற வேண்டாம்.
ஆர்மண்ட் சீர், உங்கள் டீசல் கணக்கை
அவையில் நான்கு முறை வாசித்தேன்.
நான்காம் முறை சபாநாயகரே தொகையைச் சொல்லிவிட்டார்.

இனிச் சட்டங்கள்.
பள்ளியில் மணி அடித்ததும் கைபேசி பெட்டிக்குள்.
எதிர்த்து வந்த கடிதங்களில் பாதி பிள்ளைகளுடையவை,
கையால் எழுதியவை.
சட்டம் அப்போதே வேலை செய்யத் தொடங்கிவிட்டது.
வீடு விற்பவர் இனிக் கிணற்றில்
ஆர்சனிக் எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும்.
பனி வண்டிக் கட்டணம் ஐந்து டாலர் கூடுகிறது.
எதிர்த்தேன், தோற்றேன்.
திட்டுபவர்கள் வரிசையில் வாருங்கள்,
என் கணவர் ஏற்கெனவே முதலில் நிற்கிறார்.

ஊர்ச் செய்தி:
நூலகத்தின் கூரை ஒழுகுவது நின்றது.
இப்போது சுவர் ஒழுகுகிறது.
வில்லெட் வீட்டு இரட்டையர்கள் தீயணைப்புப் படையில் சேர்ந்தார்கள்.
இருவருக்கும் ஒரே அளவுக் கால்,
கையிருப்பில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ்.
சனிக்கிழமை மாலை ஐந்துக்கு
மாதா கோயில் கூடத்தில் அவரை விருந்து.
பெரியவர்களுக்குப் பன்னிரண்டு டாலர்.

இங்கே முடித்துக் கையெழுத்தும் போட்டேன்.
உறையில் வைத்து ஒட்டினேன்.
இரவு பதினொன்றுக்கு உறையைக் கிழித்தேன்.

ஆம்புலன்ஸ் மசோதா என்ன ஆயிற்று என்று
உங்களில் ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பிப்ரவரியில் டெல்ஃபீன் வோய்சீன்
கணவரின் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு
அகஸ்டா வந்தார். கை நுனியை இரண்டு மடிப்பு மடித்திருந்தார்.
நாற்பத்தேழு நிமிடம் வண்டிக்குக் காத்திருந்ததை
மூன்று நிமிடத்தில் சொல்லச் சொன்னார்கள்.
சிவப்பு விளக்கு எரிந்ததும்
வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி
நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

குழுவில் பதின்மூன்று பேர்.
ஏழுக்கு ஆறு என்று விழுந்தது மசோதா.
ஏழில் ஒன்று நான்.

இரண்டுக்கும் பணப்பை ஒன்றுதான்.
குழுத் தலைவர் நடைவழியில், காப்பிக் கோப்பையோடு,
"நோயெல்லா, ஏதாவது ஒன்றைச் சொல்" என்றார்.
யோசிக்க அவகாசம் கேட்டேன்.
காப்பி ஆறும்வரை கொடுத்தார்.

ஆம்புலன்ஸும் அதே பாலத்தில்தானே வர வேண்டும் என்று
பாங்கோர் தாண்டும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.
அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.
வண்டி நாற்பது மைலுக்கு அப்பால் நிற்கிறது.
பாலத்துக்கு அது எப்படித் தெரியும்.

இந்தப் பத்தியை எங்கே வைப்பது?
பாலத்தின் பக்கத்தில் வைத்தால் சாக்குப் போல இருக்கிறது.
விருந்துக்குப் பின் வைத்தால் ஒளித்தது போல.
அச்சகம் காலை ஏழுக்குத் திறந்துவிடும்.
மேலே "முதலில்" என்ற சொல்லை மட்டும்
பேனாவால் அடித்திருக்கிறேன்.
ஆயிரத்து நூறு பிரதியிலும் அந்தக் கோடு விழும்.

நவம்பரில் நீங்கள் திருப்பி அனுப்பினால்
ஜனவரியில் அதே மசோதாவைக் கொண்டுபோவேன்.
பணம் எங்கிருந்து என்று தெரியாது.
தெரியும் என்று எழுதிப் பார்த்து, அடித்துவிட்டேன்.

டெல்ஃபீன், சனிக்கிழமை நான் வருவேன்.
நீங்கள் வழக்கம்போல
என் எதிரில் உட்கார வேண்டும் என்றில்லை.

வீட்டுத் தொலைபேசி எண் மாறவில்லை.
இரவு ஒன்பது வரை எடுப்பேன்.
அதற்குப் பிறகும்,
இப்போதெல்லாம்.

நோயெல்லா பெல்கி