லத்தேரி லூப் லைன், 2.50

ஐம்பத்தெட்டுப் பெட்டி நிலக்கரி.
எக்ஸ்பிரஸ்கள் முதலில் போகட்டுமென்று
எங்களை ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.
ஸ்டார்ட்டர் சிவப்பு.
மார்கழி பிறக்க இன்னும் இரண்டு நாள்.
கேபின் கதவைத் திறந்து, பனியில்,
படியில் நின்று எண்ணுகிறாள்
என் அசிஸ்டென்ட் எப்சிபா.
"சார், பதினேழு."

பதினெட்டாவதை நானும் பார்த்தேன்.
குடியாத்தம் பக்கமாக ஒரு கோடு,
நுனியில் பச்சை,
சத்தமே இல்லை.

ஒரு மணல் அளவுதான் இருக்குமாம்.
பாலாற்றில் நடந்தால் விரலிடுக்கில் ஒட்டுமே, அது.
நொடிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர்.
இங்கிருந்து ஆம்பூர், ஏறக்குறைய,
ஒரு நொடியில்.
உரசி எரிகிறது என்றே நினைத்திருந்தேன்,
பிரேக் கட்டையில் பொறி பறக்கிற மாதிரி.
விலகி ஓட நேரமில்லாத காற்று
அதன் முகத்தெதிரே நெருங்கி நெருங்கிக்
கொதிக்கிறதாம்.
கம்ப்ரசர் குழாயில் தெரியாமல் கை வைத்தவன் நான்.
புரிகிறது.

எல்லாம் மிதுனத்தில் ஒரே புள்ளியிலிருந்து
சிதறுவதுபோலத் தெரிகிறது.
சிதறவில்லை, இணையாகத்தான் வருகின்றன.
பகலில் காவனூர்ப் பக்கம் பார்,
இரண்டு தண்டவாளமும் சேர்ந்தாற்போல் இருக்கும்.
சேர்ந்திருந்தால் நாம் என்றைக்கோ கவிழ்ந்திருப்போம்.

"சாயங்காலம் ஏன் சார் இத்தனை இல்லை?"
சாயங்காலம் நாம் கார்டு பெட்டியில் இருந்தோம்.
நள்ளிரவு தாண்டினால் பூமி நம்மைத் திருப்பி
எஞ்சினில் உட்கார வைத்துவிடும்.
பூச்சியெல்லாம் எந்தக் கண்ணாடியில் வந்து அடிக்கும்?
சிரித்தாள். துடைப்பது அவள்தான்.

அவளிடம் சொல்லாதது ஒன்று.
அது விழவில்லை.
தன்பாட்டுக்குத் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.
நாம்தான் குறுக்கே வந்து இடிக்கிறோம்.

ஆறு வருஷம் முன்பு, முகுந்தராயபுரம் தாண்டி,
விடியாத நேரம்.
சைக்கிளைத் தூக்கிக்கொண்டு லைனைக் கடந்தார் ஒருவர்.
ஹாரனிலிருந்து நான் கையை எடுக்கவேயில்லை.
எமர்ஜென்சி போட்டபிறகும் எழுநூறு மீட்டர்.
கேரியரில் கட்டியிருந்த அகத்திக்கீரை
கப்ளரில் சிக்கிக்கொண்டு
அரக்கோணம்வரை வாடாமல் வந்தது.

நட்சத்திரம் விழுவதைப் பார்த்துவிட்டால்
உடனே பச்சையைப் பார்க்கணும் என்பார்கள்
எங்கள் தெருவில்.
இங்கே மரமெல்லாம் கறுப்பு.

"இருபத்தாறு" என்றாள்.
பிறகு அதே குரலில்,
"ஸ்டார்ட்டர் பச்சை."
விதிப்படி நானும் திருப்பிச் சொன்னேன்,
பச்சை.

இன்னொரு தரமும் சொன்னேன்.
அது விதியில் இல்லை.