படிவத்தில் இடம் போதவில்லை

ஆயர் அவர்களுக்கு,
சிலோயே தீவின் தென்முனையிலிருந்து
எலூத்தேரியோ நாவெல்கின் எழுதுவது.
நீங்கள் அனுப்பிய படிவம் படகில் வந்து சேர்ந்தது.
ஒரு மூலை மட்டும் நனைந்திருந்தது.

பதவி என்ற கட்டத்தில்
பிஸ்கல் என்று போட்டிருக்கிறேன்.
சுவாமியார் ஆண்டுக்கு இருமுறை வருகிறார்.
மற்ற நாளில் செபம் சொல்ல, மணியடிக்க,
செத்தவர்க்கு மண் தள்ள ஒருவன் வேண்டுமே,
அந்த ஒருவன்.

அதிகாரங்கள் என்னென்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.
ஒரு சாவி இருக்கிறது.
முதல் மூன்று வருடம் இடுப்பில் கட்டியிருந்தேன்.
நடந்தால் கிணுங்கும்.
கிணுக்கம் கேட்டுப் பிள்ளைகள் எழுந்து நிற்கும்.
எனக்கு அது பிடித்திருந்தது,
மறைப்பானேன்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி
எத்தெல்வினா மில்யாலொங்கோவின் கணவனைக்
கடல் திருப்பித் தந்தது.
கோவிலில் கிடத்தக் கொண்டுவந்தார்கள்.
நான் அக்கரையில்
பன்றிக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன்,
சாவியும் என்னோடு.
விடியும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள்
தன் கம்பளியை அவன்மேல் போர்த்திவிட்டு
மழையில்.
நல்ல கதவு அது, நான் செய்தது.
ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

அவள் என்னை ஏசவில்லை.
காலையில் போய் நின்றபோது
மணியடி என்றாள், அவ்வளவுதான்.

இப்போது சாவி வெளியே ஆணியில் தொங்குகிறது.
யாரும் எடுக்கலாம், யாரும் திறக்கலாம்.
வெள்ளி மெழுகுத்திரித் தண்டு ஒன்று காணாமல் போயிற்று,
அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.
ஆணி துருப்பிடித்தால் மாற்றுகிறேன்.
தற்சமயம் என் அதிகாரம்
அந்த ஆணி அளவு.

அடுத்த கேள்வியில்தான் பேனா நின்றுவிட்டது:
உமக்குக் கீழே எத்தனை பேர்?

இரண்டு நாள் யோசித்தேன்.
ஊரில் ஐம்பத்தொரு வீடு.
உருளைக்கிழங்கு தோண்டும் நாளில்
எல்லாரும் ஒரே சேற்றில் நிற்கிறோம்.
கோவில் தரையைத் துடைக்க மண்டியிட்டால்
என்னைவிடத் தாழ இருப்பது பூனை ஒன்றுதான்.
அதுவும் சற்று நேரத்தில்
முதுகில் ஏறிக்கொள்கிறது.

பிறகு நினைவு வந்தது.
போன மாதக் காற்றில் கோபுரத்து மர ஓடுகள் பறந்தன.
ஆட்களில் எடை குறைந்தவன் நான்,
அதனால் நான் ஏறினேன்.
உச்சியில், ஆணிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஒரேயொரு முறை கீழே பார்த்தேன்.
நான்கு மழைத் தொப்பிகள்.
ஒன்று எத்தெல்வினாவுடையது.
ஏணியின் இடது காலை
நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.
அன்றைக்கும் மழைதான்.
அவள் கையை எடுத்திருந்தால்
இந்தப் படிவத்தை வேறொருவர் நிரப்புவார்.

நான்கு என்று எழுதிவிட்டேன்.
ஏணியைப் பற்றி எழுதக்
கட்டத்தில் இடமில்லை.