புதன், மூன்றாம் பீரியட்

பழைய லேப்பில் ஏழு நாற்காலி.
ஒன்றுக்குக் கால் ஆட்டம்.
அதில்தான் நான் உட்கார வேண்டுமென்று
முதல் வாரமே முடிவாகிவிட்டது,
அவர்களால்.

புதுவயலில் காற்று திரும்பினால்
ரைஸ்மில் உமிக்கரி ஜன்னல் வழியே வந்து
கேள்வித்தாளில் உட்காரும்.
பள்ளிக்கூடம் உனக்கு எவ்வளவு பிடிக்கும்?
ஒன்று முதல் பத்துக்குள் வட்டமிடு.

ரிஸ்வான் ஒன்றுக்கு முன்னால்
தானே ஒரு பூஜ்யம் எழுதி
அதை அழகாக வட்டமிட்டான்.
கண் மாதிரி இருந்தது அது.

சேவுகன் தூங்கினான்.
கல்யாணப் பந்தியில் ராமுழுக்க
இலை எடுத்த கையில்
ரசவாசம் இன்னும் போகவில்லை.
இப்படிப்பட்ட பையனுக்கென்று
பயிற்சியில் ஏதோ சொன்னார்கள், மறந்துவிட்டது.
எழுப்பவில்லை.

நாலாவது வாரம் அடைக்கலமேரி கேட்டாள்:
"உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா டீச்சர்?
ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."
நாலு என்றேன்.
எல்லோரும் நிமிர்ந்தார்கள்,
சேவுகன்கூட.

அடுத்த புதன் காரைக்குடி பஸ் தாமதம்.
மூச்சிரைக்க வந்து பார்த்தால்
வட்டமாகப் போட்டிருந்தது ஏழும்.
மூன்று வாரமாய் வராத வள்ளிக்கண்ணுக்கும் ஒன்று.
"மில்லுல நெல்லு காயப்போடுறா.
சாயங்காலம் போயிக் கூப்புடுறோம்"
என்றான் ரிஸ்வான், ஜன்னலைப் பார்த்து.

ஆட்டக் காலுக்கு அடியில்
நாலாய் மடித்த காகிதம்.
என் கேள்வித்தாள்தான்.

தலைமையாசிரியர் கேட்கிறார், முன்னேற்றம் உண்டா?
கணக்கில் சேவுகன்
ஒன்பதிலிருந்து பதினொன்று.
அதை எழுதிக் கொடுத்தேன்.
நாற்காலி ஆடாததை
எந்தக் கட்டத்தில் எழுத?

வள்ளிக்கண்ணு இன்னும் வரவில்லை.