பச்சைப் புள்ளி

கரும்பு எரித்த மறுநாள்
முசா ஒரு வாளியைக் கொண்டுவந்து
என் மேசைக்கடியில் தள்ளுவான்.
பாதி உருகியவை, புகை குடித்தவை,
ஒரு கன்னம் மட்டும் கறுத்து
மறு கன்னம் கடையிலிருந்து வந்தபடியே இருப்பவை.
இந்த வருடம் எண்ணிப் பார்த்தேன்:
நாற்பத்தொரு பந்தில் பச்சைப் புள்ளி.

பச்சைப் புள்ளி லோகன் சிகாமணியுடையது.
டோங்காட்டில் காப்பீட்டு மதிப்பீட்டாளர்.
வெள்ளம் கொண்டுபோன கூரைக்குத்
'தேய்மானம்' என்று ஒரு வார்த்தை எழுதிப்
பாதிப் பணத்தைக் கழிக்கிற கை.
அந்தக் கைதான் வியாழன்தோறும்
எங்கள் திடலின் கடைசிப் பாயில் நின்று
நேராக அடிக்கப் பார்க்கிறது.
பந்து கொஞ்சம் இடப்பக்கமாய்க் கிளம்பும்.
பாதி வழியில்
அடுப்பை அணைக்காமல் வந்தது ஞாபகம் வந்ததுபோல்
வலப்பக்கம் திரும்பி
கரும்புக்குள் போய்விடும்.

போன மாதம் பெட்டியோடு வந்தார்.
புது டிரைவர். பதினோராயிரம் ராண்ட்.
ஸ்லைஸைத் திருத்தும் என்று
பெட்டியின் மேலேயே போட்டிருக்கிறது.
"திருத்துமா, திருத்தாதா?
ஒரே வார்த்தையில் சொல்லும்மா."

சொல்லவில்லை. சாவியை எடுத்தேன்.
கழுத்துத் திருகைக் கழற்றி
வளையத்தை இரண்டு கோடு தள்ளிப் பூட்டினேன்.
பத்து கிராம் எடையை
நுனியிலிருந்து குதிப்பக்கம் நகர்த்தினேன்.
சாவி 'டிக்' என்றதும் நிறுத்திவிட வேண்டும்,
அதற்குமேல் முறுக்கினால் திருகுக்குத்தான் வலி.
மட்டையின் முகம் இரண்டு டிகிரி மூடியது.
கண்ணால் பார்த்தால்
அரை அரிசி.

அன்று விழுந்த பந்துகளை நடந்து அளந்தேன்.
வழக்கமாக நாற்பது எட்டு வலப்பக்கம்.
அன்று இருபத்தெட்டு.
டிராக்டர் தடத்தில் கிடந்த பந்தைப் பார்த்து
லோகன் சிகாமணி சிரித்தார்.
அவருக்குப் பல் இருப்பதே
அன்றுதான் தெரியும் எனக்கு.

அடுத்த வியாழன் மறுபடியும் நாற்பது.

கரும்பை வெட்டி லாரி ஏற்றியாகிவிட்டது.
அங்கே இப்போது கட்டைகளும் கொக்குகளும்தான்.
இருந்தும் அவர்
கரும்பு நிற்பதுபோலவே நிற்கிறார்.
பாதம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது,
அதன் பின்னால் இடுப்பு,
அதன் பின்னால் தோள்.
மட்டை வெளியிலிருந்து உள்ளே இறங்கிப்
பந்தை மாங்காய் சீவுவதுபோல் சீவுகிறது.
வலப்பக்கம் போகப் போக இன்னும் இடம் பார்க்கிறார்.
இடம் பார்க்கப் பார்க்க இன்னும் வலம் போகிறது.
கையேட்டைப் புரட்டினேன்.
பதினேழு மொழி இருக்கிறது, தமிழ் இல்லை.
எந்த மொழியிலும்
பாதத்துக்குத் திருகு இல்லை.

பில் புத்தகத்தின் பின்பக்கம்
அவர் பாஷையிலேயே எழுதிக் கொடுத்தேன்.
கோரிய இழப்பு: நாற்பது எட்டு.
டிரைவர் ஈடு செய்வது: பன்னிரண்டு.
மீதி இருபத்தெட்டு, பாலிசிதாரர் பொறுப்பு.

மூன்று முறை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து நாலாம் முறை.
"மேல்முறையீடு உண்டா?"
"உண்டு. அந்தக் காலிப் பெட்டியைக் கீழே வையுங்கள்."

பெட்டியைப் பாயின் ஓரத்தில் கிடத்தி
முனையைக் கொக்குகளின் பக்கம் திருப்பினேன்.
பெருவிரல் இரண்டும் அட்டையைத் தொட்டு நிற்கட்டும்.
நின்றார்.
பல் பிடுங்க உட்கார்ந்தவர்போல் நின்றார்.
"நேரே கட்டைக்குள்தான் போகும்" என்றார்.
"போகட்டும். எரிக்க ஒன்றுமில்லை அங்கே."

முதல் நாலு பந்தும் தரையில் உருண்டன.
ஐந்தாவது
கொக்குகளை நோக்கிக் கிளம்பி,
மேலே போய், யோசித்து,
இடப்பக்கம் வளைந்து,
திடலின் நடுவைக் கடந்து,
இன்னும் வளைந்து,
அந்தக் கோடி வலையில் மோதித் தொங்கியது.
வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள்.
முசா வாளியைக் கீழே போட்டுக் கைதட்டினான்.

லோகன் சிகாமணி வலையைப் பார்த்தார்.
பெட்டியைப் பார்த்தார்.
டிரைவரைத் தலைகீழாகப் பிடித்து
என்னிடம் நீட்டினார்.
"அந்த அரை அரிசியைத்
திருப்பி எடுத்துக்கோ."

சாவியைத் தேடினேன்.