எழுவாய்

அபி, என்றார் கிங்ஸ்லி.
சாட்சிக் கூட்டின் மரச்சட்டத்தை
இரு கையாலும் பிடித்திருந்தார்,
வள்ளத்தின் விளிம்பைப் பிடிப்பதுபோல.
அபி விடிய நாலு மணிக்கு வலை இழுத்தது.
பாரை பட்டது. பெரிய பாடு.

திருகோணமலை நீதிமன்றில்
பதினோரு வருடமாய் என் வேலை
ஒரு வாயிலிருந்து எடுத்து இன்னொரு காதில் வைப்பது.
பிடியாணை, பிணை, கத்திக்குத்து, காணி எல்லை
எல்லாம் என் நாக்கைக் கடந்து போயின.
எதுவும் அங்கே இரவு தங்கியதில்லை.
இந்த இரண்டெழுத்து தங்கிவிட்டது.

சிங்களத்தில் அதற்கு ஒரே அறை.
எத்தனை பேர் உள்ளே என்று யாரும் எண்ணுவதில்லை.
தமிழில் வாசலிலேயே கேட்கிறார்கள்:
கேட்டுக்கொண்டிருப்பவன் உள்ளேயா, வெளியேயா?
உள்ளே என்றால் நாம்.
வெளியே என்றால் நாங்கள்.

கேட்டுக்கொண்டிருந்தவன் கிண்ணியா நௌபர்.
எங்கள் சட்டத்தமிழில்
குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பெயர்.
அறுபது கிலோ மீன் களவு.
அந்த விடியலில் அவன் கையும் கயிற்றில் இருந்திருந்தால்
அது களவல்ல, பங்கு.
அபி என்றபோது கிங்ஸ்லி
நீதவானைப் பார்க்கவில்லை.
நௌபரைப் பார்த்தார்.

முதலில் தப்பித்தேன்.
"விடிய நாலு மணிக்கு வலையை இழுத்தோம்."
வினையின் வாலில் ஓர் ஓம் போதும்,
எழுவாய் வீட்டிலேயே படுத்திருக்கலாம்.
பிறந்ததிலிருந்து பேசும் மொழியில்
இப்படியொரு பின்கதவு இருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

சட்டத்தரணி விடவில்லை.
இழுத்தோம் என்றால் யார் யார்?

திருப்பிக் கேட்டேன்.
கிங்ஸ்லிக்குக் கேள்வியே விளங்கவில்லை.
அபி கியன்னெ அபி தமயி, என்றார்.
அபி என்றால் அபிதான்.
கோபமில்லை. மீன் என்றால் மீன்தான் என்பதுபோல.

ஒரே சொல், இரண்டு தரம்.
என் வாயில் அது நான்கு வாக்கியம்:
நாம் என்றால் நாம்தான்.
நாங்கள் என்றால் நாங்கள்தான்.
நாம் என்றால் நாங்கள்தான்;
இதை மேடைகளில் கேட்டிருக்கிறேன்.
நாங்கள் என்றால் நாம்தான்;
இதை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

யசோதினியின் விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது.
நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நாங்கள் என்றால் நாங்கள்தான்," என்றேன்.

நௌபர் தலையைக் குனிந்தான்.
அவன் ஊரில் நாம என்றுதான் பேசுவார்கள்.
என் சொல் எந்தப் பக்கம் சாத்தியது என்று
அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

கிங்ஸ்லியின் மனதில் ஏதோ இருந்திருக்கும்.
இல்லாமலும் இருந்திருக்கும்.
கருக்கலில் கயிற்றைப் பிடித்த கைகளை
யார் எண்ணுகிறார்கள்?
கேட்ட பிறகுதானே கணக்கு வருகிறது.
அவருக்குள் இல்லாத ஒரு கோட்டை
நான் கீறி,
அவர் வாக்குமூலம் என்று அவரிடமே
கையொப்பம் வாங்கினேன்.

வழக்கு மார்ச் பன்னிரண்டுக்குத் தவணை.

வெளியே, மோட்டார் சைக்கிள்களுக்கிடையில் மான்கள்.
ஒன்று யாருடையதோ கடித உறையை மென்றுகொண்டிருந்தது.
மானுக்குத் தன்மைப் பன்மை கிடையாது.
கூட்டமாக நிற்கிறது, அவ்வளவுதான்.

கைப்பையை மாட்டியபடி யசோதினி வந்தாள்.
பருத்தித்துறைக்காரி.
"வாங்கோ அக்கா, நாங்கள் தேத்தண்ணி குடிப்பம்."

நாங்கள்.
என்னையும் சேர்த்து.
அவளுக்கு நாம் என்பது
பள்ளிப் புத்தகத்தில் மட்டும் இருக்கிற சொல்.
பதிவேட்டில் அதைத் தட்டியவளும் அவள்தான்.
அந்த விரலில் எந்த நாங்கள் இருந்தது?

"என்ன, வரேல்லையோ?"

இறங்குதுறையில் மூதூர்ப் படகு ஊதியது.
"வாறன்," என்றேன்.
ஒருமையில்.